மூடுவதற்கு முன் அளவெடுங்கள்: மண்வேலையும் கான்கிரீட்டும் சேர்ந்த குடும்பத் தொழிலை நடத்தும் முறை

செய்து முடித்த வேலை கண்ணில் படாமல் மறைந்துபோவது மண்வேலைக்கும் கான்கிரீட் வேலைக்கும் பொதுவான இயல்பு. வானம் (அஸ்திவாரப் பள்ளம்) எத்தனை அடி தோண்டப்பட்டது என்பதை நிரப்பிய மண் மறைத்துவிடுகிறது. கம்பி எத்தனை அங்குல இடைவெளியில் கட்டப்பட்டது என்பதைக் கான்கிரீட் மறைத்துவிடுகிறது. பூச்சு வேலை செய்பவர் வேலை முடிந்த பிறகும் டேப் பிடித்து அளந்து காட்டலாம். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, ஒரு ஜேசிபி, ஒரு மிக்சர் மிஷின், பத்துப் பதினைந்து ஆட்கள் என்ற அளவில் அப்பாவும் பிள்ளைகளுமாகவோ அண்ணன் தம்பிகளாகவோ தமிழ்நாட்டில் இந்தத் தொழிலை நடத்துகிற குடும்பங்கள் முதலில் பழக வேண்டியது, எதையும் மூடுவதற்கு முன் அளந்து, எழுதி, வீட்டுக்காரரிடமோ பொறியாளரிடமோ கையெழுத்து வாங்குவதைத்தான். நல்ல வேலைக்காரர்கள் பலர் கடனில் விழுவது வேலை தெரியாததால் அன்று, செய்த வேலைக்குக் கணக்குக் காட்ட முடியாததால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பொதுப்பணித்துறை வேலைகளில் எம்-புக் என்ற அளவுப் புத்தகம் உண்டு. பக்க எண் அச்சிட்ட அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்கக் கூடாது. நீளம், அகலம், ஆழம், எண்ணிக்கை என்று கட்டம் கட்டமாக எழுதி, அளந்தவரும் சரிபார்த்தவரும் கையெழுத்திட்ட பிறகே பில் போடப்படும். தனியார் வீட்டு வேலைக்கும் இதே முறையைக் கடைப்பிடிக்கலாம். கடையில் கிடைக்கும் கெட்டி அட்டை நோட்டு ஒன்றுக்குக் கையாலேயே பக்க எண் இட்டு, ஒரு வேலைக்கு ஒரு நோட்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். குழிக்குள் டேப்பை நிறுத்தி, எண் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால், மூன்று மாதம் கழித்து “ஐந்தடியா, நாலடிதானே தோண்டினீர்கள்” என்ற பேச்சு எழாது.

மண்ணின் கணக்கு

மண்ணுக்கும் ஜல்லிக்கும் நம் ஊரில் அளவு யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. இந்தக் கணக்கு எளிதாகத் தோன்றினாலும், மண்வேலையில் வரும் நஷ்டத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. தரைக்குள் இருக்கும் மண், தோண்டிக் குவித்த மண், நிரப்பி இடித்த மண் ஆகிய மூன்றும் ஒரே மண்ணாக இருந்தாலும் மூன்றுக்கும் அளவு வேறு. ஐந்தடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழத்தில் 12 பில்லர் குழிகள் தோண்டினால் குழிக் கணக்கில் 1,500 கன அடி, அதாவது 15 யூனிட். அதையே குவித்து வைத்தால் சாதாரண மண் கால் பங்கு உப்பி ஏறத்தாழ 19 யூனிட் ஆகும். களிமண் இன்னும் கூடுதலாக உப்பும், மணல் குறைவாக உப்பும், உடைத்த பாறை ஒன்றரை மடங்குவரை போகும். குழிக் கணக்கில் விலை பேசிவிட்டு லாரி நடைக் கணக்கில் மண்ணை வெளியேற்றினால், அந்த நான்கு யூனிட் வாடகை நம் கையிலிருந்துதான் போகும்.

நிரப்பும் வேலையில் இழப்பு இதைவிடப் பெரியது. 1,000 சதுர அடி வீட்டின் பேஸ்மட்டத்துக்குள் (அஸ்திவாரத்துக்கு மேல் தரைமட்டம் வரையான பகுதிக்குள்) இரண்டரை அடி உயரம் கிராவல் மண் நிரப்ப வேண்டும் என்றால், இடித்த பிறகு இருக்க வேண்டிய அளவு 2,500 கன அடி. லாரியிலிருந்து இறங்கும் கிராவல் தண்ணீர் விட்டு இடிக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும் என்று கொண்டால், வாங்க வேண்டியது 3,125 கன அடி. 25 யூனிட்டுக்கு விலை சொல்லிவிட்டு 31 யூனிட் இறக்குகிற ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். மீதியை இறக்காமல் இடிப்பதைக் குறைத்துச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வழி ஒரு மழைக்காலத்தில் தரை டைல்ஸ் இறங்கி வெளிப்பட்டுவிடும், பெயரும் கெட்டுவிடும். ஆறு முதல் ஒன்பது அங்குலம் வரை ஒவ்வொரு அடுக்காகப் பரப்பி, நனைத்து, இடித்து, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். இதற்கு ஆகும் கூலியை விலையிலேயே சேர்த்து, எத்தனை அடுக்கு என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

லாரியையும் அளக்க வேண்டும். மூன்று யூனிட் என்று சொல்லி வரும் டிப்பரின் பாடி உள்பக்கத்தில் பதின்மூன்றரை அடி நீளம், ஏழடி அகலம், மூன்றடி உயரம் இருந்தால் அதன் கொள்ளளவு 283½ கன அடிதான். நடைக்கு 16½ கன அடி குறைகிறது. முதல் நடை வந்ததும் டிரைவர் முன்னிலையிலேயே பின்கதவுக்கு உட்புறமிருந்து டேப் பிடித்து அளந்து, மேல்மட்டத்தைச் சமப்படுத்திப் பார்த்து, வண்டி எண்ணோடு நோட்டில் எழுதிவிட வேண்டும். இதைச் சண்டையாகச் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு புது வண்டிக்கும் தவறாமல் செய்தால் சப்ளை செய்பவரே சரியான அளவை அனுப்பத் தொடங்குவார்.

விலை சொல்வதற்கு முன் இடத்தில் ஒரு சோதனைக் குழி எடுத்துப் பாருங்கள். கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் மண் கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் தரையைத் தூக்கும். தோண்டிய கரிசலையே திரும்பப் பேஸ்மட்டத்துக்குள் தள்ளுவது பின்னால் வரப்போகும் வெடிப்புக்கு இன்றே வழிசெய்வதாகும். கொங்குப் பகுதியில் மூன்றடிக்குக் கீழே சுக்கான் பாறையோ கரும்பாறையோ வந்துவிடலாம். “பாறை வந்தால் பிரேக்கர் (பாறை உடைக்கும் கருவி) மணிக்கணக்கு தனி” என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், மொத்த வேலையின் லாபமும் ஒரே நாளில் கரைந்துவிடும்.

மண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வது நம் விருப்பப்படி செய்யக்கூடிய காரியம் அன்று. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன் கீழ் சவுடு, கிராவல் போன்றவையும் சிறு கனிமங்களாகவே கருதப்படுகின்றன. அனுமதியும், ஒவ்வொரு நடைக்கும் உரிய நடைச்சீட்டும் இல்லாமல் ஏற்றிய வண்டி பிடிபட்டால் முதலில் வழக்கைச் சந்திப்பது வண்டிக்காரர்தான். நடைச்சீட்டு இல்லாத மண்ணை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

குழிக்குள் ஆள் இறங்கும் வேலையில் சமரசத்துக்கு இடமே இல்லை. ஒன்றரை மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகையும் கட்டையும் கொடுத்து அணைக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்காமல், குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஜேசிபி ஆபரேட்டருக்குப் பக்கத்தில் கொட்டுவது எளிது, அந்தப் பாரமே சுவரை உள்ளே தள்ளும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தோண்டும்போது முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல், துண்டு துண்டாக எடுத்துக் கட்டி முன்னேற வேண்டும். தொடங்கும் முன்பே அந்தச் சுவரில் இருக்கும் பழைய வெடிப்புகளைப் படம் எடுத்துப் பக்கத்து வீட்டாரிடமும் காட்டிவிடுவது நல்லது.

கான்கிரீட் போடும் நாள்

நான்கு இலக்கமும் ஒரு வாய்ப்பாடும் மனப்பாடமாக இருந்தால் எந்த ரூஃபுக்கும் பொருள் கணக்கை நின்ற இடத்திலேயே போட்டுவிடலாம். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற எம்20 தரக் கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமென்ட், 15 கன அடி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), 30 கன அடி ஜல்லி தேவை. கம்பிக்கு, மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், 12 மி.மீ. கம்பிக்கு 0.89, 10 மி.மீ. கம்பிக்கு 0.62, 8 மி.மீ. கம்பிக்கு 0.395. 1,000 சதுர அடி ரூஃபுக்கு 5 அங்குல கனம் என்றால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். தளத்துக்கு மட்டும் 95 மூட்டை சிமென்ட், ஒன்றேமுக்கால் யூனிட் எம்-சாண்ட், மூன்றரை யூனிட் ஜல்லி. பீம்களைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும், சேதாரத்துக்கும் சிறிது கூட்ட வேண்டும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி இப்படி விகிதம் சொல்லிக் கலப்பது எம்20 வரைதான்; அதற்கு மேற்பட்ட தரம் வரைபடத்தில் இருந்தால் ஆய்வகத்தில் வடிவமைத்த கலவையையோ, ஆலையிலேயே கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸையோ பயன்படுத்த வேண்டும்.

தரத்தைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீருக்கு. அதே தர நிர்ணயம் எம்20 விகிதக் கலவையில் ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் அனுமதிப்பதில்லை. கலவை இளகினால் சட்டியில் அள்ளவும் இழுத்துப் பரப்பவும் எளிது என்பதால், மிக்சர் அருகில் நிற்பவர் கேட்காமலேயே அரைக் குடம் கூட்டுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, கடுமையான வேலை அது. 20 லிட்டர் காலி பெயின்ட் டப்பாவில் 15 லிட்டர் மட்டத்தில் உள்ளும் புறமும் சிவப்புக் கோடு போட்டு, மூட்டைக்கு இரண்டு டப்பா, அதற்கு மேல் இல்லை என்று வைத்து, ஹோஸ் பைப்பை மிக்சர் பக்கத்திலிருந்தே அகற்றிவிட வேண்டும். எம்-சாண்ட் மழையில் நனைந்திருந்தால் அந்தச் சிவப்புக் கோட்டையும் கீழே இறக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் அன்று முழுவதும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மற்ற எந்த மேற்பார்வையும் இதற்கு அடுத்ததுதான்.

முந்தின நாள் மாலையில் சென்ட்ரிங்கின் (ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகத் தட்டு, முட்டு அமைப்பின்) கீழே ஒரு முறை நடந்து பாருங்கள். புதிதாக நிரப்பிய மண்ணின் மேல் இரும்பு முட்டான ஜாக்கியோ சவுக்குக் கட்டையோ நேராக நின்றால், இரவில் ஒரு மழை பெய்தாலே கால் இறங்கித் தளம் தொய்ந்துவிடும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான பலகை வைக்க வேண்டும். கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடும் கனத்துக்காக வைக்கும் கவர் பிளாக் தளத்துக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ., அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. என்று சரியாக இருக்கிறதா, மிதிபட்டு மடங்கிய கம்பிகள் நிமிர்த்தப்பட்டனவா, எலக்ட்ரிக் பைப்புகள் போட்டாயிற்றா என்று பார்த்து, படம் எடுத்து, பொறியாளரின் கையெழுத்தை நோட்டில் வாங்கிய பிறகே மறுநாள் மிக்சரை ஓட்ட வேண்டும். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு இருக்கட்டும். ஒன்று நின்றுபோகும் நேரம் எப்போதும் பீம் நிரப்பும் நேரமாகவே அமைகிறது.

ரெடிமிக்ஸ் வாங்கினால், லோடு ஏற்றிய நேரம் சீட்டில் இருக்கும். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும் என்பது விதி. பெரிய வண்டி திரும்ப முடியாத தெருவாக இருந்தால் அதை ஆர்டர் கொடுக்கும் முன்பே நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். வந்த வண்டியில் தண்ணீர் சேர்க்கச் சொல்லி ஆட்கள் கேட்டால் மறுத்துவிட வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் 150 மி.மீ. கியூப்கள் (கான்கிரீட் கனசதுரக் கட்டிகள்) வார்த்து, 7 நாளிலும் 28 நாளிலும் ஏதேனும் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ உடைத்து அறிக்கை வாங்கி வையுங்கள். சிறு வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். பின்னால் ஒரு வெடிப்பு வந்து, குற்றம் கான்கிரீட்டின் மேல் சுமத்தப்படும்போது, நம் பக்கம் பேசுவது அந்தத் தாள் ஒன்றுதான்.

சென்ட்ரிங் பிரிக்கும் அவசரம் பொருள் முடங்கிக் கிடப்பதால் வருவது. நாலரை மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கு முட்டுகள் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. இது சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கான கணக்கு. இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா சிமென்ட்) வகை மெதுவாக இறுகுவதால் நாள்களைக் கூட்டுவதே முறை. தண்ணீர் கட்டுவதும் அப்படித்தான்: சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசிக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது யார் பொறுப்பு, மோட்டாரும் மின்சாரமும் யாருடையவை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாத இடங்களில் இரு தரப்பும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்து, தளம் காய்ந்துபோகிறது.

சொந்த மிஷினா, வாடகையா

ஜேசிபி வாங்கும் ஆசை எந்தக் குடும்பத்திலும் வரும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே நிறைவேற்ற வேண்டும். மணி வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 460 ரூபாய். ஆபரேட்டர் சம்பளமும் பேட்டாவும் மணிக்கு 150. ஆயில், கிரீஸ், டயர், பக்கெட் பல், பழுது ஆகியவற்றுக்கு 120 ஒதுக்கினால் மிஞ்சுவது 470 ரூபாய். மாதத் தவணை 65,000 ரூபாய், காப்பீடும் சாலை வரியும் மாதத்துக்கு 6,000 ரூபாய் என்றால், 151 மணி நேரம் ஓடிய பிறகே வண்டி தன் செலவைத் தானே தாங்கும். மாதம் 25 நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், அதுவும் மழைக்காலம் உட்பட. உங்கள் ஊர் விலைகளை இட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, கடந்த ஓராண்டில் வாடகைக்கு எடுத்த மொத்த மணிகள் இந்த அளவை நெருங்கவில்லை என்றால் வாடகை வண்டியே போதும். மிக்சர், வைப்ரேட்டர், சென்ட்ரிங் ஷீட், ஜாக்கி ஆகியவற்றின் நிலை வேறு. அவை தவணை இல்லாமல் சிறிது சிறிதாகச் சேர்ந்து, சும்மா கிடந்தாலும் பெரிதாகச் செலவு வைக்காதவை.

சொந்த வண்டி ஓடினால் மணிக்கணக்கைக் கைக்கடிகாரத்தில் பார்க்காமல் மீட்டரிலிருந்து எழுத வேண்டும். தொடக்க எண், முடிவு எண், வேலை கொடுத்தவரின் கையெழுத்து ஆகிய மூன்றும் உள்ள சீட்டு இல்லாமல் ஆபரேட்டர் இடத்தை விட்டு வரக் கூடாது. பின்களுக்கு நாள்தோறும் கிரீஸ் அடிப்பது காலையில் பதினைந்து நிமிட வேலை. அதைத் தவிர்த்தால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, பக்கெட் ஆடத் தொடங்கிவிடும்.

வீட்டுப் பணமும் வேலைப் பணமும்

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு இல்லாத குடும்பத்தில், ஒரு வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்ஸ் இன்னொரு வீட்டுக் கம்பியாகவும், தங்கை கல்யாண நகையாகவும் மாறிவிடுகிறது. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், மகனாக இருந்தாலும் தம்பியாக இருந்தாலும், மாதச் சம்பளம் என்று ஒன்றை முடிவு செய்து கணக்கிலிருந்து கொடுத்துவிட வேண்டும். லாபத்தை ஆண்டுக்கு ஒரு முறை பங்கிடலாம். கணக்கு எழுதுவதற்குப் பல வீடுகளில் அண்ணியோ அம்மாவோதான் பொருத்தமானவர்கள். அவர்களுக்கும் சம்பளம் உண்டு என்று வையுங்கள். சகோதரர்கள் சேர்ந்து நடத்தினால் பங்குதாரர் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்வது உறவுக்கு எதிரான காரியம் அன்று. வண்டி யார் பெயரில், கடனுக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கும் வீட்டில்தான் உறவு நிலைக்கிறது.

ஆண்டு முழுவதும் பணம் ஒரே சீராக வராது. ஆடியிலும் மார்கழியிலும் பூமி பூஜை போட மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்வேலை பாதி நாள் நிற்கும். தை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். தையிலிருந்து வைகாசி வரை வரும் பணத்தில் இரண்டு மாதச் சம்பளத்தையும் தவணையையும் ஒதுக்கி வைக்காத குடும்பம் ஐப்பசியில் நகையை அடகு வைக்கும். வீட்டுக்காரரிடம் வாங்கும் தவணைகளையும் வேலைக்கு முன்னதாக வரும்படி அமைக்க வேண்டும். குறிப்பாக ரூஃப் கான்கிரீட்டுக்கான தொகை, கம்பி கட்டி முடிந்து பொறியாளர் பார்த்த அன்றே வந்துவிட வேண்டும்; கான்கிரீட் விழுந்த பிறகு நம் பேச்சுக்கு வலு குறைந்துவிடுகிறது.

சட்டப்படியான கடமைகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. பொருளுடன் வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு வரி 18 சதவீதம். தனி வீடு ஒன்றுக்குக் கூலி மட்டும் பேசிச் செய்தால் வரிவிலக்கு உண்டு. சிமென்ட் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய மதிப்பீட்டை அப்படியே நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து பேர் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), இருபது பேர் இருந்தால் வருங்கால வைப்புநிதி என்ற வரம்புகளை ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆட்கள் ஒவ்வொருவரையும், சித்தாள்களையும் சேர்த்து, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய வைப்பதை முதலாளியின் வேலையாகவே கருத வேண்டும். 18 வயது முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையைச் சார்ந்தவை. அதோடு தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை சம்பளம் எந்தக் காரணத்தாலும் தள்ளிப்போகக் கூடாது. வீட்டுக்காரர் பணம் தராதது ஆட்களுடைய குற்றமாகாது.

வேலை முடிந்ததும் இறுதி பில்லை அளவு நோட்டின் பக்க எண்களோடு கொடுத்து, ஐந்து சதவீதத்தைப் பிடித்தமாக விட்டுவைக்க நாமே முன்வரலாம். அதைத் திரும்பப் பெறும் நாளை ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு என்று குறித்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். தை மாதத்தில் போய், பேஸ்மட்ட ஓரங்களில் தரை இறங்கியிருக்கிறதா, சன்ஷேடு சேருமிடத்தில் ஈரம் தெரிகிறதா, கழிவுநீர்க் குழாய் புதைத்த இடத்தில் மண் அமுங்கியிருக்கிறதா என்று வீட்டுக்காரரோடு சுற்றிப் பார்த்து, குறை இருந்தால் அந்த வாரத்திலேயே ஆள் அனுப்பிச் சரிசெய்து, அதன் பிறகு பிடித்தத் தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.